கார்த்திகையில் வந்த கருட சேவை

பெருந்தேவி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை.

செய்தி கொண்டுவந்தவர் கூரத்து முனுசாமி. ஒரு காலத்தில் பட்டாளத்தில் எங்கள் கர்னலின் ஜீப்பை ஓட்டியவர், இப்போது காஞ்சிபுரத்தில் பஸ் ஓட்டுகிறார். காலையில் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்று, "கர்னல் வீட்டம்மா போயிட்டாங்கம்மா" என்றார்.

"யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலமா. நானே பார்த்துட்டுதான் வர்றேன். விடிகாலையில மார்வலின்னாங்களாம், டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

"டாக்டர் நல்லா பார்த்தாரா?"

முனுசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பந்தல்காரங்க மூங்கில் இறக்கிக்கினு இருக்காங்கம்மா" என்றார்.

அப்போதுதான் நம்பினேன், உட்கார்ந்தேன், அழுதேன். பட்டாளத்தில் குடித்தனம் செய்த பெண்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. யார் வாயால் எதைச் சொன்னாலும் ஏறாது. மூங்கில் இறங்குகிறதா, லாரி கிளம்புகிறதா, அதுதான் கணக்கு. எனக்கு அதற்கு முன்பே சந்தேகம் பிறவிக்குணம். என் அம்மா கத்தரிக்காயைக் காம்பைப் பார்த்து வாங்குவாள், நான் காம்பையும் நம்ப மாட்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் அக்காவை அறிந்த உங்களில் பலருக்கு அவர் கர்னல் வீட்டம்மா. வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் நெசவாளர் வீட்டில் பிறந்து, தெலுங்கும் தமிழும் கலந்து பேசி, கடைக்காரரை அதட்டி, பிறகு அவர் பிள்ளைக்கு ஜுரம் என்றால் கஷாயம் கொடுத்தனுப்பும் அம்மாள். அதெல்லாம் சரிதான். நான் சொல்ல வந்தது உங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி. அறுபத்தைந்து யுத்தத்துக்கும் எழுபத்தொன்று யுத்தத்துக்கும் நடுவில், வடக்கே எல்லையோரத்து ராணுவக் குடியிருப்பில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அந்த ஊரின் பெயரை எழுத இன்றும் கை வரவில்லை. அம்மா கேட்டாலும் "வடக்கே" என்று சொல்லிப் பழகிவிட்டது.

நான் அங்கே போய் இறங்கியது கல்யாணமாகிச் சில மாதங்களில். என் கணவர் கேப்டன், நாங்குநேரிப் பக்கத்துக்காரர். வீட்டுக்குள் இரும்புப் பெட்டியை வைத்து நிமிர்வதற்குள் ஒரு அம்மாள் தூக்குச்சட்டியோடு உள்ளே நுழைந்தார். கர்னலின் மனைவி என்று கணவர் காதில் சொன்னார். கர்னல் என்றால் அந்தப் பட்டாளத்துக்கே ராஜா. ராஜாவின் மனைவி கேப்டன் வீட்டுக்குச் சாம்பார் கொண்டுவருவாளா? எனக்கு அப்போதே மனதில் முள் தைத்தது. அவர் சட்டியை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் என் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உப்பு டப்பாவைக்கூட விடவில்லை.

"எந்த ஊரு நீ?"

"காஞ்சிபுரங்க."

"பெரிய காஞ்சிபுரமா?"

"ஆமாங்க. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம்."

"அதான் பார்த்தேன். புளி இவ்ளோ பழசா இருக்குது" என்று சொல்லிவிட்டு, முதல்முறையாகச் சிரித்தார். "நான் சின்ன காஞ்சிபுரம். அக்கான்னு கூப்புடு. வெளிய மட்டும் மேடம்னு சொல்லு, இல்லாட்டி இந்தப் பொம்பளைங்க இன்னா உறவுன்னு நோண்டிக்கினே இருப்பாங்க."

ஊர்க்காரி கிடைத்தாள் என்று மகிழ வேண்டியதுதானே. நான் அன்று இரவு கணவரிடம் கேட்டது, "அந்தம்மா நம்ம வீட்ட சோதனை போட வந்தாங்களா?" என்பதுதான். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்துக்கொண்டார். உண்மையில் அக்கா என் வீட்டில் பெருங்காயம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இல்லை என்று தெரிந்து மறுநாள் ஒரு கட்டி வந்தது.

ராணுவக் குடியிருப்பில் பெண்களுக்கு வேலை குறைவு, வேவு அதிகம். காலையில் ஊதுகொம்புச் சத்தத்தில் ஆண்கள் போய்விடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் கிளப்பில் பெண்கள் கூடித் தம்போலா ஆடுவோம், பக்கோடா தின்போம். மற்ற நேரமெல்லாம் பட்டாளம் எப்போது கிளம்பப் போகிறது என்று மோப்பம் பிடிப்போம். கணவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே சலவைக்காரரைப் பார்ப்போம். துணியை ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தால் ஏதோ இருக்கிறது. மெஸ்ஸில் ஆட்டிறைச்சி வேண்டாம் என்றால் ஏதோ இருக்கிறது. கணவர் திடீரென்று அன்பாகப் பேசினால் நிச்சயமாக ஏதோ இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் அக்கா வீட்டு இட்லி. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் வெளியூரார் படித்தால் தெரியட்டும். எங்கள் ஊர்ப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வெகுநேரம் வேகவைப்பது. நாலு நாள் ஆனாலும் கெடாது. கர்னல் நெடும்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அக்கா அதைச் செய்து கட்டிக் கொடுப்பார். சுக்கும் நெய்யும் வேகும் வாசனை வரிசை வீடுகள் முழுக்கப் போகும். மேஜர் ஒருவரின் மனைவி குல்வந்த் என்ற பஞ்சாபிப் பெண், என் வீட்டுக்கு ஓடிவந்து மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். அவ்வளவுதான், அன்று மாலைக்குள் எல்லா வீட்டிலும் கம்பளிக் காலுறைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். பெருமாளின் பிரசாதம் பஞ்சாபிப் பெண்களுக்குப் போர் முரசானது அந்த ஊரில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவர் அப்போது அட்ஜுடன்டாக இருந்தார். கர்னலின் உத்தரவுகளை எழுதிப் பூட்டிவைத்து, வேளை வந்ததும் வெளியே விடும் அதிகாரி. அறுபத்தொன்பதில், கார்த்திகை மாதம், நல்ல குளிர். மேலே பிரிகேடிலிருந்து ஒரு இரகசிய உத்தரவு வந்தது. ஒருநாள் விடிகாலையில் திடீரென்று சங்கு ஊதும், சொன்ன நேரத்துக்குள் பட்டாளம் முழுவதும் லாரி ஏறிவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் கிளம்ப முடிகிறதா என்று பார்க்கிற சோதனை. முன்கூட்டித் தெரிந்தவர்கள் கர்னலும் என் கணவரும் மட்டும். ஆபீஸ் குமாஸ்தாவை நம்பாமல் என் கணவர் அந்தக் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் பூட்டினார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்த விடிகாலையில் பிரிகேடியர் ஜீப்பில் வந்து மறைவாக நின்றுகொண்டாராம். சங்கு இன்னும் ஊதவில்லை. ஆனால் முகாம் வாசலில் பெண்கள் கூட்டம். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் ஆரத்தித் தட்டு, குங்குமம், எரியும் விளக்கு. பக்கத்தில் கடைத்தெரு மிட்டாய்க்காரர் லட்டுக் கூடையோடு நிற்கிறார். எதிரிக்குத் தெரியாமல் கிளம்ப வேண்டிய பட்டாளத்தை வழியனுப்ப ஊரே திரண்டு நின்றது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். குல்வந்த் வந்து கதவைத் தட்டி "கிளம்புறாங்களாம்" என்றாள், போனேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அன்று பிரிகேடியர் சிரிக்கவில்லை.

உத்தரவு வெளியே போயிருக்கிறது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கர்னல். கர்னலைச் சந்தேகிக்க யாருக்கு வாய் வரும்? மறுநாளே விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் ருசுவானால் மேஜர் பதவி கனவிலும் இல்லை, தோளில் இருக்கும் நட்சத்திரங்களும் போய்விடும்.

அன்று மாலை என் கணவர் வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"சாவி என் சட்டைப் பையில இருந்தது. அந்தச் சட்டைய நீதான துவைக்கப் போட்ட?"

"ஆமாங்க. சாவிய எடுத்து மேசமேல வெச்சேன்."

"பெட்டியத் தொறந்தியா?"

"இல்லிங்க."

"குல்வந்த் உன் சிநேகிதி."

"நான் தொறக்கலிங்க."

அவர் உள்ளே போனார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார், பேசவில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், நடுவில் ஒரு இரும்புப் பெட்டி. உலகத்தையே சந்தேகப்பட்டு வளர்ந்தவள் நான். என்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். பதவி போனால் போகட்டும், இந்த மனுஷர் என்னை இப்படிப் பார்த்தால் நான் எப்படி வாழ்வேன் என்பதுதான் எனக்குக் கவலை.

அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்து வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கர்னல் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், அக்கா யாரிடமோ உளறியிருக்கிறார், பழி எங்கள் தலையில். வேறு எப்படி வெளியே போயிருக்க முடியும்? அதற்குமேல் யோசிக்க எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் விடியும்போது பக்கத்து வீட்டிலிருந்து சுக்கும் நெய்யும் வேகும் வாசனை வந்தது. பட்டாளம் எங்கும் கிளம்பவில்லையே, இதென்ன புதுக்கூத்து என்று நினைத்தேன்.

விசாரணை கர்னலின் ஆபீஸ் அறையில். பிரிகேடிலிருந்து நரைமீசை மேஜர் ஒருவர் வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கர்னல் ஒரு ஓரத்தில். என் கணவர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு முடித்திருந்தார்கள். உனக்கு யார் சொன்னது என்றால் அவள் சொன்னாள், அவளைக் கேட்டால் இவள் சொன்னாள், இப்படியே சுற்றிக் கடைசியில் குல்வந்திடம் வந்து நின்றது. குல்வந்த், "எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்து நான். மேஜர் என்னைப் பார்த்து வாயைத் திறக்கும்போது, கதவுக்கு வெளியே காவல்காரர் "மேடம், மேடம்" என்று தடுப்பது கேட்டது. பெருந்தேவி அக்கா மூங்கில் குடலையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். அக்காவின் இரண்டுமே நொண்டி. ஆனாலும் மேஜருக்குப் புரிந்தது. சொன்னது இதுதான். எங்கள் ஊர்ப் பெருமாள் கருடன்மேல் ஏறி வரும் நாள் வந்தது. ஊரில் இருந்தால் கோபுர வாசலில் போய்ச் சேவித்திருப்பேன். இங்கே முடியவில்லை, அதனால் வீட்டிலேயே இந்த இட்லியைச் செய்து படைத்தேன். நான் இதைச் செய்தால் பட்டாளம் கிளம்பும் என்று இந்தப் பெண்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாசனை போயிருக்கிறது, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். உத்தரவு யாரும் சொல்லிப் போகவில்லை, என் அடுப்பிலிருந்து போனது. தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள்.

சொல்லிவிட்டு மேசைமேல் குடலையை வைத்துத் திறந்தார். "அன்னைக்குப் படைச்சதுல மிச்சம். கெடாது, சாப்பிட்டுப் பாருங்க."

மேஜர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மிளகைக் கடித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பெண்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்டால், ஆமாம் ஆமாம் வாசனை வந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. குல்வந்த் தன் கணவருக்கும் வந்தது என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி நான். பெண்கள் தட்டோடு திரண்டதற்கு முந்தைய நாளில் எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. என் மூக்கை எனக்குத் தெரியும். அதைவிட இன்னொன்றும் தெரியும். காஞ்சிபுரத்தில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஊரே திரளும் அந்தக் கருட சேவை வைகாசி மாதத்தில். விடியலிலேயே வியர்த்துக் கொட்டும் வைகாசி. நாங்கள் அந்த அறையில் பல் கிடுகிடுக்கக் கார்த்திகையில் உட்கார்ந்திருந்தோம். மேஜருக்கு அது தெரியாது. நாங்குநேரிக்காரரான என் கணவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பொய் சொன்னார். எங்கள் ஊர்க்காரரான கர்னல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே, நீலா" என்றார். நான் அவர் தொப்பியைக் கழற்றி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை ஒருநாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டபடியே சட்டையைத் துவைக்கக் கொடுப்பார், நான்தான் திட்டி எடுத்துக் கொடுப்பேன்.

அக்காவுக்கு நான் நன்றி சொன்னேனா? இல்லை. அவர் தன் கணவரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பொய் சொன்னார், எங்களுக்குக் கிடைத்தது கூடவே வந்த பலன் என்று வைத்துக்கொண்டேன். கர்னல் கூரையைப் பார்த்தது போதாதா சாட்சிக்கு? அக்கா அனுப்பும் குழம்பை வாங்கிக்கொள்வேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் சர்க்கரை போட்டு அனுப்புவேன். மனதில் மட்டும் ஒரு முடிச்சு அவிழாமலே கிடந்தது. அவரும் சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு என்னை ஒருமாதிரி பார்ப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எழுபத்தொன்றில் யாரும் எதையும் மோப்பம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. குடும்பங்களை ஊருக்கு அனுப்பு என்று உத்தரவே வந்துவிட்டது. ரயில் நிலையத்தில் அத்தனை பெண்களும் குழந்தைகளும் பெட்டிகளும். என் கணவர் ஜன்னலோரமாக வந்து நின்று, தன் காற்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். "ஒண்ணும் ஒளிக்கல. நல்லாப் பாத்துக்க" என்றார். பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள், எனக்கு வெட்கமாகப் போயிற்று. வண்டி நகர்ந்தபோதும் அவர் பைகளை உள்ளே தள்ளவில்லை. அப்படியே நின்றார்.

யுத்தம் முடிவதற்குச் சற்று முன்பு அவர் போய்விட்டார். தந்தி வந்தது, நான் தந்தியை நம்பவில்லை. அடுத்தநாள் அக்கா சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்து என் வீட்டு வாசலில் இறங்கி, உள்ளே வராமல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நம்பினேன்.

அதன்பிறகு நான் செய்தது அழகான காரியம் இல்லை. உன் புருஷன் எப்படித் தப்பினார், என் புருஷனை முன்னால் அனுப்பியது யார் என்று கேட்டேன். தெருவே கேட்கும்படி கேட்டேன். அக்கா அடுப்பங்கரைக்குப் போய்க் கஞ்சி வைத்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பிற்பாடு முனுசாமி ஊர் திரும்பி, கேப்டன் ஐயா தானாகத்தான் முன்னால் போனார், கர்னல் தடுத்தும் கேட்கவில்லை என்று சொன்னார். முனுசாமி கர்னலின் டிரைவராயிற்றே, வேறு எப்படிச் சொல்வார் என்று அதையும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். இப்போது இல்லை.

கர்னல் ஓய்வு பெற்றுச் சின்ன காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வைகாசியில், கருட சேவைக்கு வா என்று அக்கா கூப்பிட்டார். போனேன். கூட்டத்தில் நெருக்கி நின்று சேவித்துவிட்டு, அவர் வீட்டுக் கூடத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வியர்வையைப் பார்த்ததும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்குக் கார்த்திகை மாசத்துல எந்தக் கருடன்மேல பெருமாள் வந்தாரு?"

அக்கா விசிறியை நிறுத்தினார். "இத்தினி வருசமா இத வயித்துல வெச்சிக்கினு இருந்தியா?"

"கர்னல் உங்ககிட்ட சொல்லித்தானே வெளிய போச்சி? அவரக் காப்பாத்தத்தானே அந்தப் பொய்?"

அவர் என்னை நம்பமாட்டாதவர்போலப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். "அவரா? அந்தாளு தலவலின்னாகூட எங்கிட்ட சொல்லமாட்டாரு. உன்னக் காப்பாத்தத்தான்மா சொன்னேன்."

"என்னயா?"

"அந்த மொத நாளு சாயந்திரம் தயிருக்கு உற கேக்க வந்தேன். சாவிக்கொத்து உன் கையில இருந்துது. என்னப் பார்த்ததும் மேசமேல வெச்சே. அப்புறம் விடிஞ்சா எல்லாரும் தட்டத் தூக்கிக்கினு நிக்கறாங்க. நான் இன்னான்னு நெனைக்கறது?"

நான் அவரைக் குற்றவாளி என்று நினைத்துச் சர்க்கரை போட்டு அனுப்பிய அத்தனை வருஷமும், அவர் என்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு குழம்பு அனுப்பியிருக்கிறார். நான் தெருவில் நிறுத்தித் திட்டியபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கஞ்சி வைத்திருக்கிறார்.

"நான் பெட்டியத் தொறக்கல, அக்கா. சட்டையத் துவைக்கப் போட சாவிய எடுத்தேன். அவ்ளோதான்."

"சரி."

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"எதுக்குக் கேக்கணும்? உன் வீட்டுக்காரரு உன் மூஞ்சப் பார்க்காம சோறு துண்ணுக்கினு இருந்தாரு. வாசல்ல நின்னு பார்த்தேனே, அது எனக்குத் தாங்கல. தறியில இழ அறுந்துதுன்னா எங்க வீட்டுல யாரு அறுத்ததுன்னு கேட்டுக்கினு இருக்கமாட்டாங்க. முடிச்சி போட்டுட்டு ஓட்டுவாங்க."

"இப்பவாவது நம்புறீங்களா?"

"நம்பறேன்மா" என்றார். சட்டென்று சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

அன்றைக்கு உத்தரவு யார் வாய்வழியாகப் போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. லாரிகளுக்கு டீசல் நிரப்பியதைப் பார்த்த எவராவது மிட்டாய்க்காரரிடம் சொல்லியிருக்கலாம். அதைக் கண்டுபிடித்து அக்காவிடம் கொண்டுபோய், பாருங்கள் நான் இல்லை என்று காட்ட வேண்டும் என்று இந்தச் சில வருஷங்களில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இனிக் காட்ட ஆளில்லை. சாவு வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கர்னல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பந்தல் மூங்கில்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் பக்கத்தில் போனதும், "உன்னப் பத்திதான் அடிக்கடி பேசிக்கினு இருப்பா" என்றார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

பெருந்தேவி அக்கா கடைசிவரை என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் தவறு செய்தவள் என்று மனதார எண்ணிக்கொண்டே, தன் பெருமாளின்மேல் பொய் சொல்லி, என்னை என் கணவரிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் என்னை முழுதாக நம்பி ரயில் நிலையத்தில் நின்றார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கணவரோடு வாழ்ந்த அந்த இரண்டு வருஷம்.